ஷா நவாஸ் கான்: இரு சத்தியங்களுக்கிடையே ஒரு படைத்தலைவர்

செங்கோட்டை என்றால் நம்முள் தென்பாண்டி நாட்டார்க்குக் குற்றாலத்தை அடுத்த ஊரே முதலில் நினைவுக்கு வரும். வாஞ்சிநாதன் பிறந்த ஊர் என்ற பெருமையும் கூடவே வரும். தில்லியில் சில ஆண்டுகள் வாழ்ந்த பின்னரோ அச்சொல் யமுனைக் கரையின் செந்நிறக் கோட்டையையே குறிக்கத் தொடங்கிவிடுகிறது. ஊரிலிருந்து உறவினர் வருந்தோறும் அவர்களை அங்கே அழைத்துச் செல்கிறோம். திவானி ஆம், திவானி காஸ், சலவைக்கல் மண்டபங்கள் எல்லாம் காட்டுகிறோம். ஷாஜஹானைப் பற்றி நமக்குத் தெரிந்ததும் தெரியாததும் சொல்கிறோம். ஆனால் அக்கோட்டையினுள் 1945-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் தொடங்கி டிசம்பர் 31-ஆம் நாள் வரை நடைபெற்ற ஓர் இராணுவ நீதிமன்ற விசாரணையைப் பற்றி நம் வீட்டுச் சிறுவர்க்கு எடுத்துரைப்பவர் சிலரே. 2019-ஆம் ஆண்டு முதல் அங்கே அதற்கெனக் காட்சிசாலை ஒன்று இருந்தும் கூட்டம் பெரும்பாலும் மண்டபங்களின் பக்கமே செல்கிறது.

குற்றவாளிக் கூண்டில் மூவர் நின்றனர்: ஷா நவாஸ் கான், பிரேம் குமார் ஸேகல், குர்பக்ஷ் சிங் தில்லான். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர். மூவரும் பிரிட்டிஷ் இந்தியப் படையில் கமிஷன் பெற்ற அதிகாரிகள். மன்னர்க்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்தவர்கள். அச்சத்தியத்தை மீறி இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்து மன்னர்க்கு எதிராகப் போர் புரிந்தனர் என்பதே குற்றச்சாட்டு. இவர்களுள் ஷா நவாஸ் கானின் வாழ்க்கையை இத்திங்கள் எடுத்துக்கொண்டோம். அதற்குக் காரணம் உண்டு. புரட்சியாளரின் வரலாற்றைப் படிக்கும்போது, அவர் பிறவியிலேயே புரட்சியாளர் என்று நாம் எண்ணிக்கொள்வது வழக்கம். ஷா நவாஸ் அத்தகையவர் அல்லர். தேசிய இராணுவம் உருவானபோது அதனை வெறுத்தவர் அவர். பிறரையும் அதிற் சேராது தடுக்க முயன்றவர்.

ஷா நவாஸ் 1914-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இராவல்பிண்டி மாவட்டத்து மட்டோர் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஜன்ஜுவா இராஜபுத்திரக் குலம், முஸ்லிம்கள். அப்பகுதியில் உழவுக்கு அடுத்தபடி உள்ள தொழில் பட்டாளம் என்றே சொல்லலாம். தந்தையார் முப்பது ஆண்டுகள் இந்தியப் படையிற் பணி புரிந்தவர். உடல் வலிவுள்ள ஆண்மகன் எவனும் படையிற் சேராது வீட்டில் இருந்ததில்லை என்னும் பெயர் அக்குடும்பத்துக்கு இருந்தது. அத்தகைய வீட்டிலே மன்னர்க்குச் செய்யும் சத்தியம் வெறும் சடங்கன்று, குலத்தின் மானம். அரசாங்கம் அளித்த உப்பைத் தின்றவன் என்ற சொல் அங்கே மிகுந்த பொருளுடைய சொல். டேராடூனில் இராணுவப் பள்ளியிலும் பின்னர் இராணுவக் கல்லூரியிலும் பயின்று, 1936-ஆம் ஆண்டில் 14-ஆம் பஞ்சாப் ரெஜிமெண்டில் அதிகாரியாக அமர்ந்தார் ஷா நவாஸ். அரசியலில் நாட்டம் இல்லை; காங்கிரஸைப் பற்றிய அறிவும் சொற்பம். வீட்டில் இருந்த உலகமும் பட்டாளத்தில் இருந்த உலகமும் ஒன்றாகவே இருந்தன.

போர் மூண்டு, ஜப்பானியர் மலாயா முழுவதையும் கடந்து சிங்கப்பூரை நெருங்கிய வேளையில், 1942 ஜனவரி இறுதியில் ஷா நவாஸ் அங்கே போய்ச் சேர்ந்தார். பதினைந்து இருபது நாட்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. போரிடுவதற்கு உரிய வாய்ப்பே பெறாமல் ஆயுதத்தைக் கீழே போடுமாறு பணிக்கப்பட்டது ஒரு போர்வீரனின் மானத்துக்கு இழைத்த அநீதி என்று பின்னர் அவர் நீதிமன்றத்தில் மொழிந்தார். இதனினும் ஆழமாக உறுத்திய நிகழ்ச்சி இரண்டு நாட்களுக்குப் பின் நேர்ந்தது.

பிப்ரவரி 17-ஆம் நாள் ஃபேரர் பூங்கா என்னும் திடலில் ஏறத்தாழ நாற்பத்தையாயிரம் இந்தியப் போர்வீரர்கள் கூட்டப்பட்டனர். வெள்ளை அதிகாரிகளும் சிப்பாய்களும் வேறிடத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டனர். பிரிட்டிஷ் தரப்பில் கர்னல் ஹண்ட் என்பவர் வந்து, இனி ஜப்பானியர் கட்டளைக்குக் கீழ்ப்படியுங்கள் என்று கூறி, இந்தியரை மேஜர் புஜிவாராவிடம் ஒப்படைத்தார். புஜிவாரா அவர்களைக் கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். மோகன் சிங், நாட்டின் விடுதலைக்காக ஒரு படை திரட்டப்போவதாக முழங்கினார். பலர் ஆரவாரித்தனர். ஷா நவாஸுக்கோ ஆரவாரம் எழவில்லை. ஆட்டுமந்தையைக் கைமாற்றுவது போன்று தம்மைக் கைமாற்றிவிட்டனர் என்ற கசப்பும், நேற்று வரை தமக்கொப்ப இருந்த மோகன் சிங் இன்று தலைவரா என்ற ஐயமுமே எழுந்தன. ஜப்பானியரின் கைப்பாவையாகும் படையில் சேரக் கூடாது என்று ஒத்த கருத்துடைய அதிகாரிகளை அவர் ஒன்று திரட்டினார்.

அவர் மனம் மாறிய வரலாற்றை விரைந்து சொல்லிவிட முடியாது. அவரே பல படிகளாகத்தான் சொல்லுகிறார். முதலில் எதிர்ப்பு. அடுத்து, நீ சூன் முகாமின் தலைமை அவரிடம் வந்தது. ஆயிரக்கணக்கான கைதிகளின் உணவு, மருந்து, ஒழுங்கு எல்லாம் அவர் பொறுப்பு. எதிர்த்து நிற்பதால் தம்மை நம்பிய வீரர்க்குப் பயன் யாதும் இல்லை, உள்ளே இருந்தால் அவர்களைக் காக்கலாம், ஜப்பானியர் இந்தியரைத் தவறாகப் பயன்படுத்த முற்பட்டால் உள்ளிருந்தே தடுக்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. ஆகவே முழு நம்பிக்கையின்றியே சேர்ந்தார். 1942 டிசம்பரில் ஜப்பானியரோடு பிணங்கிய மோகன் சிங் கைது செய்யப்பட்டார். முதற் படை கலைந்தது. விலகிக்கொள்ள நல்ல வாய்ப்பு! விலகினவர் பலர் உண்டு. ஷா நவாஸ் விலகவில்லை. இதனைச் சந்தர்ப்பவாதம் என்று சொல்வார் அக்காலத்திலும் இருந்தனர். நமக்கு அது பொருத்தமாகத் தோன்றவில்லை. சந்தர்ப்பத்தை நாடுபவர் கலைந்துபோன படையில் தங்கியிருக்க மாட்டார்.

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். ஷா நவாஸின் வாழ்வில் இரண்டாம் சத்தியம் அங்கே தொடங்குகிறது. நேதாஜியின் பேச்சும் ஆளுமையும் தம்மை வசியப்படுத்திவிட்டன என்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். அவர் கண் கொண்டு இந்தியாவை முதன்முறையாக ஓர் இந்தியனாகப் பார்த்தேன் என்பது அவர் கூற்றின் சாரம். மன்னரா, நாடா என்னும் வினா எழுந்தது; நாடே என்று தெளிந்தார்; அதற்கு அறிகுறியாக நேதாஜிக்குத் தம் வாக்கைக் கொடுத்தார். அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அமைக்கப்பெற்ற சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்தில் படையின் பிரதிநிதிகளுள் ஒருவராக இடம் பெற்றார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருடைய உறவினர் பலர் அப்போதும் பிரிட்டிஷ் படையில் அதிகாரிகளாக இருந்தனர். எல்லையில் எதிரே வரும் துப்பாக்கி எவருடையதாக இருக்கும் என்பதை அவர் அறிந்தே புறப்பட்டார். சிறைப்பட்டும் தேசிய இராணுவத்தில் சேராதிருந்த இந்தியர் தொகையும் சிறிதன்று. அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் நியூகினி முதலிய தீவுகளுக்குக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர், பலர் திரும்பவில்லை. செய்த சத்தியத்தைக் காத்த அவர்களைக் கோழைகள் என்றோ அடிமைகள் என்றோ கூறுவது முறையன்று.

முதலாம் கெரில்லாப் படைப்பிரிவு ஷா நவாஸின் தலைமையில் அமைந்தது. சுபாஷ் பிரிவு என்றே வீரர்கள் அதனை அழைத்தனர். தம் பெயர் வேண்டாம் என்று நேதாஜி சொல்லியும் அப்பெயரே நிலைத்தது. ஏறத்தாழ மூவாயிரம் பேர். 1944 தொடக்கத்தில் இரங்கூன் சேர்ந்தனர். ஒரு பட்டாளம் அரக்கான் பக்கம் கலாதான் பள்ளத்தாக்கு வழியே முன்னேறி, அன்றைய இந்திய எல்லைக்குள் இருந்த மௌடோக் என்னும் காவல் நிலையைப் பிடித்தது. மற்ற இரண்டு பட்டாளங்களோடு ஷா நவாஸ் சின் மலைப் பகுதிக்கு, ஃபாலம், ஹாக்கா என்னும் ஊர்களுக்குச் சென்றார்.

மலையில் நேர்ந்ததைப் பற்றி அவர் எழுதிய நூலைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. அரிசி மூட்டைகளை வீரர்கள் தம் முதுகிலேயே சுமந்து ஏறவேண்டியிருந்தது. போர்வை போதாது, உப்புக்கும் பஞ்சம், மலேரியா வந்தவனுக்கு மருந்து இல்லை. அதோடு, இந்தியாவை மீட்க வந்தோம் என்று நம்பியவர்களைச் சாலை செப்பனிடவும் மூட்டை சுமக்கவும் ஜப்பானியர் ஏவினர். ஷா நவாஸ் சினந்து மேலிடத்துக்கு எழுதினார். கடைசியில், மே மாதத்தில், கோஹிமாவுக்குச் செல்லுமாறு ஆணை வந்தது. வீரர்கள் மகிழ்ந்து புறப்பட்டனர். அவர்கள் உக்ருல் பக்கம் சேர்வதற்குள் கோஹிமாப் போர் தலைகீழாக மாறிவிட்டது, ஜப்பானியர் பின்வாங்கிக்கொண்டிருந்தனர். மழை வலுத்தது. திரும்பி வரும் வழியில் குண்டுபட்டு மாண்டவர்களைவிடப் பசியாலும் வயிற்றுப்போக்காலும் காய்ச்சலாலும் மாண்டவர் மிகுதி. தாய்நாட்டின் மண்ணை மிதித்தோம் என்ற ஒன்றே அவர்களுக்கு மிஞ்சிய ஆறுதல்.

1945-இல் இரண்டாம் டிவிஷனின் தலைமை அவர்க்கு வந்தது. பர்மாவின் நடுவே போப்பா மலையைச் சுற்றி அப்படை நின்றது. ஸேகலும் தில்லானும் அவர்க்குக் கீழ்ப்பட்ட ரெஜிமெண்டுத் தலைவர்கள். செங்கோட்டையில் மூவர் சேர்ந்து நின்றதன் காரணம் இதுவே. தில்லானின் நேரு பிரிவில் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த தமிழர் பலர் இருந்தனர். துப்பாக்கியை அதற்கு முன் தொட்டறியாத அவர்கள் பிப்ரவரியில் ஐராவதி ஆற்றங்கரையில் பகான், ஞாவுங்கு என்னும் இடங்களில், டாங்கிகளும் விமானங்களும் உடைய படையை எதிர்த்து நின்றனர். பஞ்சாபி அதிகாரியின் கீழ்த் தஞ்சையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் பிழைக்கப் போன குடும்பங்களின் பிள்ளைகள் நின்ற காட்சி, வெளிமாநிலத்தில் வாழும் நமக்குத் தனிப்பட்ட பொருளுடையது.

தோல்வி உறுதியான நிலையில் படையை விட்டு எதிர்ப்பக்கம் ஓடுவோர் பெருகினர். அதிகாரிகள் சிலரும் ஓடினர். ஓடுபவர்க்கு மரணதண்டனை என்ற விதி கடுமையாயிற்று. மார்ச்சு மாதத்தில் போப்பாவில் ஒரு வீரன் அவ்வாறு ஓட முயன்றான் என்று சுடப்பட்டான். அதற்குத் துணைநின்றார் என்னும் குற்றமும் பின்னர் ஷா நவாஸ் மேல் சாட்டப்பட்டது. அவன் தம் முன் கொண்டுவரப்பட்டது உண்மை, கண்டித்து அனுப்பினேனேயன்றி மரணதண்டனை விதிக்கவில்லை என்று அவர் சாதித்தார். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஷா நவாஸைப் போற்றி எழுதுவோர் பலரும் இந்நிகழ்ச்சியைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். ஒரு படையை விட்டு வந்த அதிகாரியே, தம் படையை விட்டுப் போக விரும்பிய சிப்பாயைத் தண்டிக்கும் இடத்தில் அமர நேர்ந்தது. இதனைத் தாண்டிச் செல்ல நமக்கு மனம் ஒப்பவில்லை.

ஏப்ரல் இறுதியில் ஸேகல் சரணடைந்தார். மே மாதத்தில் பெகுவுக்கு அருகே ஷா நவாஸும் தில்லானும் பிடிபட்டனர். தில்லிக்குக் கொண்டுவரப்பட்டுச் செங்கோட்டையில் சிறை வைக்கப்பட்டனர்.

மூவரையும் ஒருசேர, அதுவும் செங்கோட்டையில், அதுவும் பொதுமக்கள் அறிய விசாரிப்பது என்று முடிவு செய்தவர்கள் இந்நாட்டை அறியாதவர்கள் என்றே சொல்லவேண்டும். கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷாவை 1858-இல் விசாரித்த இடமும் அதுவே. மூன்று சமயத்தாரும் ஒரே கூண்டில் நின்றதைக் கண்டு நாடு முழுவதும் கொதித்தது. மூவர் பெயரும் எதுகையோடு அமைந்த முழக்கம் தெருத்தோறும் ஒலித்தது. கல்கத்தாவில் ஊர்வலம் சென்ற மாணவர் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. காங்கிரஸ் அமைத்த குழுவில் தேஜ் பகதூர் ஸப்ரு, பூலாபாய் தேசாய், ஆஸப் அலி, கைலாஸ் நாத் கட்ஜு முதலியோர் இருந்தனர். ஜவாஹர்லால் நேரு பல ஆண்டுகளுக்குப் பின் வக்கீல் அங்கியை அணிந்து வந்தார்.

வழக்கை நடத்தியவர் பூலாபாய் தேசாய். உடல்நலம் குன்றிய நிலையில் இரண்டு நாட்கள் வாதாடினார். சில மாதங்களுக்குள், 1946 மே திங்களில், காலமானார். அவர் வாதத்தின் சாரம் இது: தற்காலிக அரசாங்கம் பல நாடுகளால் அங்கீகரிக்கப்பட்ட அரசாங்கம், அதற்கு ஒழுங்கான படை இருந்தது, அந்நியர் ஆட்சிக்குட்பட்ட மக்கள் தம் விடுதலைக்குப் போர் தொடுக்கும் உரிமையுடையர், அப்போரில் நிகழ்ந்தவற்றைத் தனிமனிதர் குற்றமாகக் கொள்ளலாகாது. மன்னரிடம் விசுவாசமும் நாட்டினிடம் விசுவாசமும் ஒன்றாக உள்ள தேசத்தில் இவ்வினா எழாது. இரண்டும் பிரிந்து நிற்கும் தேசத்தில் எதைக் கொள்வது? அமெரிக்கர் தம் விடுதலைப் பிரகடனத்தை வெளியிட்டபோது அவர்களும் இதே நிலையில் அன்றோ இருந்தனர்? அரசாங்கத் தரப்பில் வாதாடிய அட்வகேட் ஜெனரல் என்ஜினியர், போர்க்கைதியானாலும் சத்தியம் சத்தியமே என்று நின்றார். ஏழு நீதிபதிகளும் இராணுவ அதிகாரிகள். நால்வர் ஆங்கிலேயர், மூவர் இந்தியர். அம்மூன்று இந்திய அதிகாரிகளின் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம். அவர்களும் அதே சத்தியத்தைச் செய்தவர்கள் அல்லவா?

டிசம்பர் 31-ஆம் நாள் மூவரும் குற்றவாளிகள் என்று முடிவாயிற்று. ஆயுள் முழுதும் நாடு கடத்தல், பதவி பறிப்பு, சம்பளப் பாக்கி பறிமுதல் என்பன தண்டனை. 1946 ஜனவரி 3-ஆம் நாள் படைத்தலைவர் ஆக்கின்லெக் நாடுகடத்தலை மட்டும் நீக்கி மற்றவற்றை உறுதி செய்தார். சத்தியம் தவறுவது எந்த அரசின் கீழும் பெருங்குற்றமே என்று அறிக்கை கூறிற்று. ஆனால் மூவரும் விடுதலையாயினர். தண்டனையை நிறைவேற்ற முற்பட்டிருந்தால் நாட்டில் பெருங்குழப்பமும் படையில் கலகமும் விளைந்திருக்கும் என்று ஆக்கின்லெக் தம் தளபதிகளுக்கு எழுதினார். பிப்ரவரியில் பம்பாயில் கடற்படையினர் கிளர்ந்தெழுந்தபோது, தேசிய இராணுவக் கைதிகளின் விடுதலையும் அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது.

விடுதலைக்குப் பின் ஸேகல், ஜான்ஸி ராணிப் படைத் தலைவியாக விளங்கிய சென்னை டாக்டர் லட்சுமி சுவாமிநாதனை 1947 மார்ச்சில் லாகூரில் மணந்து, கான்பூரில் குடியேறினார். நம்மவர் வீட்டுப் பெண் கான்பூர் மருமகளாகி 2012 வரை அங்கே ஏழைகளுக்கு மருத்துவம் செய்த வரலாற்றைத் தனியே எழுத வேண்டும். இங்கே அதற்கு இடம் போதாது.

ஷா நவாஸ் காந்தியடிகளோடு சேர்ந்து 1947-இல் பீஹாரில், கலவரத்தில் வீடிழந்த முஸ்லிம் மக்களிடையே பணி செய்தார். நாடு பிரிந்தபோது மட்டோர் கிராமம் பாகிஸ்தானுக்குப் போயிற்று. அவர் இந்தியாவைத் தம் நாடாகக் கொண்டார். எந்த நாட்டுக்காக முதற் சத்தியத்தைக் கைவிட்டாரோ அந்நாட்டின் எல்லைக்கு வெளியே அவர் பிறந்த வீடு நின்றுவிட்டது. சுதந்திர இந்தியாவின் படையிலும் அவர்க்கு இடம் இல்லை; தேசிய இராணுவத்தாரை மீண்டும் பட்டாளத்தில் சேர்ப்பதில்லை என்று அரசாங்கம் முடிவு செய்தது. படை ஒழுங்கு கருதிய முடிவு என்று அதனை ஆதரிப்போர் கூறினர். நன்றி மறந்த செயல் என்றோரும் உண்டு. இராணுவ ஏட்டின்படி அவர் பதவி பறிக்கப்பட்ட கேப்டன். மக்கள் வாயிலோ கடைசி வரை ஜெனரல் ஷா நவாஸ். 1952-இல் மீரத்திலிருந்து லோக் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1957, 1962, 1971 ஆகிய ஆண்டுகளிலும் வென்றார். ரயில்வே முதலிய இலாகாக்களில் துணை மந்திரியாகப் பணியாற்றினார். 1983-இல் காலமானார்.

இவற்றிடையே 1956-இல் அவர்க்கு ஒரு கடமை வந்து சேர்ந்தது. நேதாஜியின் மறைவைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் மூவர் குழு ஒன்றை அமைத்து, ஷா நவாஸை அதன் தலைவராக்கியது. எஸ். என். மைத்ராவும், நேதாஜியின் தமையனார் சுரேஷ் சந்திர போஸும் ஏனைய இருவர். ஜப்பான் முதலிய இடங்களுக்குச் சென்று, விபத்தில் தப்பியவரையும் மருத்துவரையும் விசாரித்தனர். 1945 ஆகஸ்டு 18-ஆம் நாள் தைஹோகுவில் விமானம் விழுந்து நேதாஜி மாண்டார் என்று ஷா நவாஸும் மைத்ராவும் முடிவு செய்தனர். சுரேஷ் போஸ் ஒப்பவில்லை. வேறு அறிக்கை எழுதினார். பின்னர் வந்த கோஸ்லா கமிஷன் முன்னவர் முடிவையே கூறிற்று. 2005-இல் அறிக்கை தந்த முகர்ஜி கமிஷன் அதனை மறுத்தது. மறுத்ததை அரசாங்கம் ஏற்கவில்லை. சிங்கப்பூரில் யாரிடம் தம் வாக்கைக் கொடுத்தாரோ அவர் இறந்துவிட்டார் என்னும் அறிக்கையில், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, ஷா நவாஸ் கையொப்பமிட்டார்.